ஒன்றுக்கு ஐம்பது

“எடுத்த ரத்தத்தத் திருப்பிக் குடுங்க, டாக்டரய்யா. வாங்கிக்கிட்டு நாம்பாட்டுக்குப் போறேன்.”

இப்படிச் சொல்லிவிட்டுத் தங்கப்பொண்ணு சோதனை அறையில் இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் ஜலீல் மைக்ராஸ்கோப் பார்க்க உட்காரும் முக்காலி அது. அவர் கையில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பிடித்தபடி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஆறு வருஷமாக அந்த ராவுத்தர் தர்ம ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் ரத்தம், சளி, மலம், மூத்திரம் என்று மனிதர்கள் வெளியே சொல்லக் கூசுகிற எல்லாவற்றையும் வாங்கி வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறார். கிண்டி சோதனைக்கூடத்தில் ஒரு வருஷம் இருந்து கற்றுக்கொண்டு வந்த வேலை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. எந்தப் புத்தகத்திலும் இதற்கு வழி போட்டிருக்கவில்லை.

அவள் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. மதுரை காளவாசலில் செங்கல் சூளைகளுக்கு எதிரே ஓலைக் கூரை போட்ட சாப்பாட்டுக்கடை அவளுடையது. கீழக்குயில்குடியிலிருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் வந்து போட்ட அடுப்பு. அன்றிலிருந்து சூளையில் கல் அறுக்கிறவர்களும் வண்டிக்காரர்களும் அவள் குழம்புக்குப் பழகிப்போனார்கள். அந்த ஆடி மாதத் தொடக்கத்தில் சூளைக்காரர்கள் ஆறு பேர் அடுத்தடுத்து டைபாய்டில் விழுந்தார்கள். ஆறு பேரும் அவள் கடையில் சாப்பிடுகிறவர்கள். சுகாதார ஆபீசர் வெள்ளைத்துரை சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர்தான் வெள்ளைத்துரை, சொந்த ஊர் வாடிப்பட்டி. கழுத்தில் இறுக்கமான காலர், காலில் கயிறு கட்டிய பூட்ஸ், சைக்கிள் பாரில் காய்ச்சிய தண்ணீர் நிரப்பிய குடுவை. எந்த வீட்டிலும் பச்சைத்தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர் என்று பெயர் எடுத்தவர். சில பேர் உடம்பில் இந்தக் கிருமி சொகுசாகக் குடியிருக்கும், அவர்களை ஒன்றும் செய்யாது, அவர்கள் கையால் சாப்பிடுகிறவர்களைத்தான் படுக்கப் போட்டுவிடும் என்று அவர் படித்திருந்தார். அது உண்மையும்கூட. அந்தச் சமையற்காரியின் ரத்தத்தைச் சோதித்துச் சொல்லவும் என்று ஜலீலுக்குச் சீட்டு எழுதினார்.

ஜலீல் சோதித்தார். ரத்தம் உறைந்ததும் மேலே தெளிந்து நிற்கிற நீரை எடுத்து, ஐம்பது மடங்கு உப்புநீரில் கலந்து, அதில் செத்த டைபாய்டுக் கிருமிகள் பால்போல் மிதக்கும் திரவத்தைச் சொட்டிவிட்டுக் கதகதப்பில் வைக்க வேண்டும். அந்தக் கிருமியோடு மல்லுக்கட்டிய ரத்தம் என்றால் அதில் ஒரு சரக்கு ஊறியிருக்கும். அது கிருமிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பிடித்துவிடும். மறுநாள் காலையில் குழாயைச் சுண்டினால் பால் திரிந்த மாதிரி துகள் எழும்பும். மல்லுக்கட்டாத ரத்தமாக இருந்தால் பால் பாலாகவே கிடக்கும். ஒன்றுக்கு ஐம்பதில் திரிந்தால் டைபாய்டுதான் என்று எடின்பரோவில் அச்சான தடிப் புத்தகம் சொன்னது. தங்கப்பொண்ணின் குழாய் திரிந்தது. ‘பாசிட்டிவ்’ என்று எழுதி அழகாகக் கையெழுத்தும் போட்டார். அன்று சாயங்காலமே கடைக் கதவில் பூட்டும் அரக்கு முத்திரையும் ஏறின. ஆவணி முதல் திங்கட்கிழமை லைசென்சை அடியோடு ரத்து செய்வதாக நோட்டீசும் ஒட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் ஜலீலுக்கு உறுத்த ஆரம்பித்தது. அவளுடைய மலத்தை வாங்கி மூன்று முறை தட்டில் கிருமி வளர்த்துப் பார்த்தார். ஒன்றும் வளரவில்லை. தினம் நூறு பேருக்கு மேல் சாப்பிடுகிற கடையில் விழுந்தது ஆறே பேர், ஆறு பேரும் ஒரே சூளை, மண் ஊறப்போடும் குழித் தண்ணீரையே குடிக்கிறவர்கள் என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஆபீசரிடம் போய்ச் சொன்னார். “தட்டுல வளரலேன்னா ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். ரத்தம் பொய் சொல்லாதுன்னு ரிப்போர்ட் குடுத்தது நீங்கதானே, மிஸ்டர் ஜலீல்?” என்று வெள்ளைத்துரை தம் குடுவையைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார்.

“அந்த ரத்தம் இப்ப இல்லக்கா. கொட்டியாச்சு” என்று முக்காலியில் இருந்தவளிடம் சொன்னார் ஜலீல்.

“கொட்டுன ரத்தத்துக்கா எங்கடையப் பூட்டி வச்சிருக்கீங்க? எனக்குப் பொறந்ததுலருந்து காச்சலே வந்ததில்ல. ஒரு தலவலி கெடையாது.” சேலைத் தலைப்பை உதறி மடியில் போட்டுக்கொண்டாள். அழுகிற ஆளில்லை, ஆனால் குரலில் ஒரு பிசிறு தட்டியது. “வேற யாரு ரத்தத்தையெல்லாம் இப்பிடிப் பாத்திருக்கீங்க?”

“காய்ச்சல்காரங்க ரத்தம் ஆயிரம் பேருக்கு மேல பாத்திருக்கேன்.”

“நல்லா இருக்கவுக ரத்தம்?”

ஜலீல் கையில் இருந்த குழாயைக் கீழே வைத்தார்.

“ஒங்க ரத்தத்தப் பாத்தீங்களா?”

அவள் கோபத்தில் கேட்டது அது. பதிலை எதிர்பார்க்காமல் எழுந்து போயும்விட்டாள். ஜலீலுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அறைக்கு வந்த ஒவ்வொரு சொட்டு ரத்தமும் படுத்துக் கிடந்தவர்களிடமிருந்து வந்தது. நல்லபடியாக நடமாடுகிறவன் எதற்கு ஊசிக்குக் கை நீட்டப்போகிறான்? எடின்பரோவில் வைகைத் தண்ணீர் குடித்தவர்கள் யாராவது இருந்திருப்பார்களா? அங்கே ஐம்பதில் திரிவது பெரிய செய்தியாக இருக்கலாம். இங்கே? ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது இந்தக் கேள்வி தனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டினார்.

அட்டெண்டர் பேயாண்டிக்கு ஐம்பது வயது. ஊசி போடும்போது ஆயிரக்கணக்கான கைகளை அசையவிடாமல் பிடித்தவன். டாக்டர் தன் ரத்தத்தைத் தானே எடுத்து முடித்துவிட்டு, “ஒன் கையையும் நீட்டு” என்றதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

“ஐயா, நான் அம்மன் கோயிலுக்கு வெரதம்.”

“நேத்துத்தான கழுத்துவரைக்கும் கறி தின்னுட்டு ஏப்பம் விட்ட?”

“இன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன்” என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான். மூன்று சொட்டுக்கு அவன் போட்ட சத்தத்தில் வார்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் குழாய்களைச் சுண்டினார். பேயாண்டி ஐம்பதில் திரிந்திருந்தான். ஜலீல் ஐம்பதிலும் திரிந்திருந்தார், அதைவிட இரண்டு மடங்கு நீர்த்த நூறிலும் திரிந்திருந்தார். முப்பத்தைந்து வயது, இடுப்பில் லேசாகத் தொந்தி, காலையில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர், புத்தகத்தின்படி டைபாய்டில் படுத்துக் கிடந்தார். அவர் சிரித்த சிரிப்பில் பேயாண்டி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

வீட்டில் மனைவி சபியாவிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “அப்ப மச்சான், நீங்க நம்ம அடுப்படிக்குள்ள வரலாமா கூடாதா? அந்தப் பொம்பளைக்கு ஒரு சட்டம், ஒங்களுக்கு ஒரு சட்டமா?” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நீங்க எழுதுனதுதானே. நீங்கதான் அழிக்கணும்” என்றாள். ஜலீலும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைத்துரை மசியவில்லை. “ரெண்டு பேரு ரத்தம் சாட்சி ஆகாது மிஸ்டர் ஜலீல். ஆஸ்பத்திரியில வேல பாக்குறவங்க, எப்படியும் ஒட்டியிருக்கும். வெளியில நல்லா நடமாடுற ஆளுங்க நூறு பேரக் கொண்டாங்க. அதுல பாதி திரிஞ்சாலும் நான் கையெழுத்துப் போடுறேன்.” அவர் கெட்ட மனிதர் இல்லை. காலராவில் ஊரே ஓடியபோது ஓடாமல் நின்று கிணறு கிணறாக மருந்து போட்டவர். அதனாலேயே அவரோடு வாதாடுவது கஷ்டமாக இருந்தது. ஆவணி முதல் திங்களுக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி.

ஜலீல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காளவாசலுக்கே போனார். வண்டிக்காரர்கள் பத்துப் பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஊசியை எடுத்துக் கொதிதண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மரத்தடியில் மாடுகள் மட்டும் நின்றன. எங்கோ பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்கவில்லையாம், காவு கொடுக்க ரத்தம் சேர்க்கிறார்களாம் என்று ஒரு புரளி சூளைக்குச் சூளை தாவியது. மறுநாள் அவர் தெருவில் நடந்தால் ஆட்கள் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். நான்கு நாள் அலைந்ததில் சேர்ந்தது மூன்று பேர். அதில் ஒருவன் குடித்திருந்தான், அவன் ரத்தத்தைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஜலீலுக்கே சந்தேகம். சொந்தத் தெருவில் கேட்டுப் பார்த்தார். “ஒம் புள்ளைக்குப் புத்தி பெசகிப்போச்சா?” என்று அவருடைய அத்தாவிடம் போய் விசாரித்தார்கள்.

இதற்கிடையில் தங்கப்பொண்ணு ஊருக்குப் போயிருந்தாள். கடை பூட்டிக் கிடக்கிறது, என் ரத்தத்தில் என்னமோ இருக்கிறதென்று டாக்டர் எழுதிவிட்டார் என்று அண்ணன் நல்லகாமனிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது அவ்வளவுதான். அது சமணமலை அடிவாரத்தில் இருக்கிற அந்த ஊரில் நாலு வீடு தாண்டுவதற்குள், நம்ம வகையறா ரத்தத்திலேயே குற்றம் என்று மதுரை டாக்டர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார் என்று ஆகிவிட்டது. இனி அந்த வகையறாவில் யார் பெண் எடுப்பார்கள், யார் பெண் கொடுப்பார்கள்? அன்று ராத்திரி ஊரில் ஒருத்தரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலையில் பேயாண்டி மூச்சு வாங்க ஓடிவந்தான். “ஐயா, பின்வாசல் வழியாப் போயிருங்க. கீழக்குயில்குடிக்காரங்க பதினோரு வண்டியில வந்து எறங்கியிருக்காங்க.”

பின்வாசலில் முள்வேலி இருந்தது. அதனால் ஜலீல் முன்வாசலுக்கே வந்தார். ஆணும் பெண்ணுமாக எல்லோரும் தலைமுழுகி ஈரத் துணியோடு, நெற்றி நிறையத் திருநீறோடு, செருப்பில்லாமல் நின்றார்கள். ஒருவர் மேல் பழி விழுந்தால் பங்காளிகள் அத்தனை பேரும் முழுகிவிட்டு வந்து, சாமி முன்னால் கூடவே நின்று சத்தியம் செய்வது அவர்கள் வகையறாவில் வழக்கம். சாமிக்குப் பதில் டாக்டர், அவ்வளவுதான் வித்தியாசம். தங்கப்பொண்ணு ஓரமாக நின்றாள். முன்னால் நின்ற நல்லகாமன் நல்ல உயரம். பேசுவதற்கு முன்னால் மீசையை ஒரு தடவை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

“எங்க தங்கச்சி ரத்தத்துல குத்தம்னு எழுதிக் குடுத்தது நீங்கதான?”

“நான்தாண்ணே.” பொய் சொல்லி என்ன பிரயோஜனம்.

“அவ ரத்தம் வேற, எங்க ரத்தம் வேறயில்ல. குத்தம்னா அம்புட்டுப் பேருக்கும் குத்தம். எடுங்க.” கையை நீட்டினார். “எல்லாத்துக்கும் எடுங்க. எடுத்துப் பாத்துட்டு எழுதுங்க.”

ஜலீலுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று இருந்தது. “எல்லாத்துக்குமா?”

“தொண்ணூத்தி நாலு பேரு வந்திருக்கோம். பத்தாதுன்னாச் சொல்லுங்க, இன்னும் ரெண்டு வண்டி கெளம்பச் சொல்றேன்.”

மிரட்ட வந்தவர்கள் முன்னால் வாயெல்லாம் பல்லாக நிற்கக் கூடாதுதான். ஜலீலால் அடக்க முடியவில்லை. நல்லகாமன் கொஞ்சம் குழம்பிப்போய்த் தம்பிமார்களைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு நடந்தது திருவிழா. ஊசிகளைக் கொதிக்கவைக்க மூன்று அடுப்பு எரிந்தது. ரத்தம் பிடிக்கிற சின்னக் குப்பிகள் நாற்பதோடு தீர்ந்துபோயின. தெற்குவாசலில் அத்தாவின் அத்தர் கடைக்குப் பேயாண்டியை விரட்டி, காலிக் குப்பிகளைக் கூடையோடு அள்ளிவரச் சொன்னார். சோடா உப்பு போட்டு இரண்டு தடவை கொதிக்கவைத்தும் வாசனை முழுசாகப் போகவில்லை. மல்லிகையும் சந்தனமும் ஆஸ்பத்திரி பூராவும் கிளம்பின. முதல் குப்பியை மூக்கருகே வைத்துப் பார்த்த நல்லகாமன் சந்தோஷத்தோடு கூட்டத்தைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார். “எங்க ரத்தம் மணக்குது பாத்தியா!”

ஒரு சங்கடம் இருந்தது. ஒவ்வொருவரிடமும் இதற்கு முன் நாள்பட்ட காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டு எழுத வேண்டும். அது தெரியாமல் இந்தச் சோதனைக்குப் பாதி அர்த்தம்தான். ஆனால் வந்தவர்கள் வந்திருப்பது வம்சத்தின் பெயரைக் காப்பாற்ற. “காய்ச்சலா? எங்க வகையறாவுலயா?” என்று முதல் ஆள் ஆச்சரியப்பட்டான். இரண்டாவது ஆள் அவமானப்பட்டான். பதினைந்தாவது ஆள்வரைக்கும் அந்த ஊரில் யாருக்கும் உடம்பு சுட்டதே இல்லை. ஜலீல் பென்சிலைக் கீழே வைத்தார். இப்படி எழுதி ஒரு பயனும் இல்லை. அதைச் சொன்னால் கூட்டம் கோபித்துக்கொண்டு வண்டி ஏறிவிடும்.

அதுவரை ஓரமாக நின்ற தங்கப்பொண்ணு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “தம்பி, நீங்க எழுதுங்க. நாஞ் சொல்றேன்” என்றாள். அதுவரை டாக்டரய்யாவாக இருந்தவர் தம்பி ஆனதை ஜலீல் கவனித்தார்.

“ஏலே, பொய்யா சொல்ற? முந்தின வருசம் சித்திரையில இருபது நாளு கெடந்தியே, யாரு கஞ்சி ஊத்துனா? எழுதுங்க தம்பி, வந்துச்சு... இவனுக்கு வரல, இவன் பயந்தாங்கொள்ளி, மழையில நனையமாட்டான்... இவளுக்கு ரெண்டு தடவ, முடியெல்லாம் கொட்டிப்போச்சு, இப்பத்தான் வளந்துருக்கு.” இருபது வருஷம் ஊரைவிட்டு வெளியே இருந்தாலும் ஒவ்வொரு வீட்டுக் காய்ச்சலும் அவளுக்கு மனப்பாடம். யாருக்கு முடியவில்லை என்றாலும் கடையிலிருந்து கஞ்சி கொடுத்துவிட்டிருக்கிறாள். கூட்டம் முதலில் முறைத்தது, பிறகு சிரித்தது, பிறகு அவரவர்களே ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் சைக்கிள் மணி கேட்டது. ஆஸ்பத்திரியைக் கலகக்காரர்கள் வளைத்துவிட்டார்கள் என்று யாரோ சொல்ல, வெள்ளைத்துரை வேர்க்க விறுவிறுக்க வந்து வாசலில் நின்றார். முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அத்தர் வாசனையை மோந்தார். ஒன்றும் புரியாமல் தொப்பியைக் கழற்றினார்.

அப்போது கடைசிக் குப்பிக்கு ஜலீல் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். “எல்லாம் ஆச்சுக்கா” என்றார்.

“ஆகல.” தங்கப்பொண்ணு ஆபீசரைப் பார்த்தாள். அவர் வந்து நிற்பது தெரிந்துதான் சொன்னாள். “எனக்கு எழுதலையே. ஒம்போது வயசுல எனக்கும் வந்துச்சு தம்பி. ஒரு மாசம். எங்காத்தா ஆசையை விட்டுருச்சு. அன்னைக்கு ஒங்ககிட்ட வரலேன்னு சொன்னேன், அது பொய்யி. சொன்னாக் கடை போயிரும்னு சொல்லல. இம்புட்டுப் பேரு பொய்யையும் நான் திருத்திட்டு நான் மட்டும் பொய் சொன்னா நல்லாருக்காது.”

நல்லகாமன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கடையை மீட்க வந்த நாளில், கடையை மூடச் சொன்னவர் முன்னாலேயே அவள் இதைச் சொல்லிவிட்டாள். இந்த ஆஸ்பத்திரியில் வைத்து இவ்வளவு சுத்தமான ஒன்றை யாரும் தன்னிடம் கொடுத்ததில்லை என்று ஜலீல் நினைத்தார்.

“பாத்தீங்களா மிஸ்டர் ஜலீல்?” வெள்ளைத்துரையின் குரலில் வெற்றி இல்லை, வருத்தமே இருந்தது. “இனிமே என்ன சந்தேகம்?”

“சந்தேகமே இல்ல சார். காய்ச்சல் எப்பவோ போயிருச்சு. ஆனா ரத்தம் மறக்கல, இன்னமும் அந்தக் கிருமியப் பாத்தா அடையாளம் கண்டுபிடிச்சுக் கட்டிப்போடுது. நான் அதப் பாத்துட்டு இன்னைக்கு வந்த சீக்குன்னு எழுதிட்டேன். இன்னும் மூணு தடவ மலத்த வளத்துப் பாத்தேன், மொத்தம் ஆறு தடவ. கிருமி இல்ல.”

“அது உங்க யூகம். இவங்க எல்லாரும் ஒரே ஊரு. ஊரே அந்தக் கிருமிய வச்சிருந்தா?”

அதற்கு ஜலீல் பதில் யோசிப்பதற்குள் நல்லகாமன் எழுந்துவிட்டார். “அப்ப ஆபீசரய்யாவும் கைய நீட்டுங்க. ஒங்களுக்கு வாடிப்பட்டி. நம்ம ஊருத் தண்ணி ஒரு மொடக்குக் குடிச்சதில்ல.”

“எனக்கு எதுக்கு? நான் காய்ச்சின தண்ணியத் தவிர வேற தொடுறதில்லேன்னு ஊருக்கே தெரியும். காய்ச்சல்னு ஒரு நாள் லீவு போட்டதில்ல. என் ரத்தம் பாலாட்டம் இருக்கும்.”

தொண்ணூற்று நான்கு பேர் பஞ்சை அழுத்தியபடி அவரையே பார்த்தார்கள். வெள்ளைத்துரை நேர்மையான மனிதர். தவிர, பெண்கள் எல்லாம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றினார். பேயாண்டி ஓடிவந்து அவர் கையை மிகுந்த பிரியத்தோடு பிடித்துக்கொண்டான்.

அன்று ஒருவரும் ஊர் திரும்பவில்லை. வண்டிகளுக்கு அடியிலேயே படுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை வெயில் ஏறியதும் ஜலீல் குழாய்த் தாங்கிகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார். ஜன்னல் முழுக்கத் தலைகள். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் குழாயைச் சுண்டினார். திரிந்தால் வெளியே ஒரு ஆரவாரம். தங்கப்பொண்ணு ரத்தமும் நம்ம ரத்தமும் ஒன்றுதான் என்று கணக்கு. திரியாமல் பாலாகவே கிடந்தவர்கள் முகம் வாடிப்போனது. “நல்லாச் சுண்டிப் பாருங்கய்யா, எனக்கும் இருக்கும்” என்று ஒரு வாலிபன் கெஞ்சினான். “ஒன்னைய அந்தக் கிருமி இன்னும் புடிக்கலப்பா, அது நல்லதுதான்” என்று ஜலீல் சொல்லியும் அவன் சமாதானம் ஆகவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். தொண்ணூற்று நான்கில் ஐம்பத்தாறு திரிந்திருந்தன. காய்ச்சலே வராதவர்கள் என்று தங்கப்பொண்ணு உறுதி சொன்னவர்களிலும் பதினோரு பேர் திரிந்திருந்தார்கள். லேசாக வந்து, யாருக்கும் தெரியாமல் ரத்தத்தோடு மட்டும் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

கடைசித் தாங்கியில் இருந்தது வெள்ளைத்துரையின் ரத்தம். ஜலீல் அதைச் சுண்டவில்லை, பெயர் சொல்லவும் இல்லை. குழாயை அப்படியே அவர் கையில் கொடுத்தார். அவருக்கும் பார்க்கத் தெரியும்.

வெள்ளைத்துரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். அடியிலிருந்து வெள்ளைத் துகள்கள் புரண்டு எழும்பின. ஒன்றுக்கு ஐம்பது. அடுத்த குழாயை அவரே எடுத்தார். ஒன்றுக்கு நூறு. அதுவும் திரிந்திருந்தது. தங்கப்பொண்ணின் கடையைப் பூட்டப் போதுமாக இருந்ததைப்போல் இரண்டு பங்கு.

“ஐயா வீட்டு அடுப்படிக்கும் அரக்கு கொண்டாரவா?” என்று பேயாண்டி நிஜமாகவே மரியாதையோடு கேட்டான்.

முதலில் சிரித்தது ஜலீல்தான். ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. வெள்ளைத்துரை முறைத்தார், இன்னும் கொஞ்சம் முறைத்தார், முறைக்க முடியாமல் காலரின் மேல் பொத்தானைக் கழற்றினார். “எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு ஊரணி” என்றார் யாரிடமோ சொல்வதுபோல. “எருமையெல்லாம் கெடக்கும். பள்ளிக்கூடம் விட்டா அதுலதான் நாங்களும் கெடப்போம். எம்புட்டுத் தண்ணி குடிச்சமோ.” அவர் பேச்சில் ஆபீஸ் தமிழ் கழன்று வாடிப்பட்டி வந்திருந்ததைக் கேட்டு நல்லகாமனுக்கு அவர் மேல் பிரியம் உண்டாகிவிட்டது. வெள்ளைத்துரை குழாய்களைப் பத்திரமாகத் தாங்கியில் திரும்ப வைத்தார். “ரிப்போர்ட்ட எழுதிக் குடுங்க, மிஸ்டர் ஜலீல். அந்தச் சூளைக் குழியையும் இன்னைக்கே மூடச் சொல்லணும்.”

ஜலீல் எழுதினார். இந்த ஊரில் நல்லபடியாக இருப்பவர்களில் பாதிக்கு மேல் ஒன்றுக்கு ஐம்பதில் திரிகிறது, எனவே அதை வைத்து யாரையும் நோயாளி என்று சொல்லக் கூடாது என்று எழுதிவிட்டு, இன்ன தேதியில் நான் கொடுத்த அறிக்கை தவறு என்றும் எழுதினார். அந்த வரியை எழுதும்போது வெட்கம் பிடுங்கித் தின்னும் என்று பத்து நாளாகப் பயந்துகொண்டிருந்தார். வந்தது சந்தோஷம். ஆறு வருஷத்தில் தன் பேனாவிலிருந்து வந்த உருப்படியான வரி இதுதான் என்று தோன்றியது. கையெழுத்தை முன்னைவிடப் பெரிதாகப் போட்டார்.

சாவி ஆபீசில் இருந்தது. வெள்ளைத்துரை அதை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லி சைக்கிளில் ஏறினார். அரைமணி நேரத்தில் ஜும்மாவுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஜலீலும் நல்லகாமன் வண்டியில் தொற்றிக்கொண்டார். பதினோரு வண்டியும் சலங்கை குலுங்கக் காளவாசலுக்குக் கிளம்பின.

ஆபீசர் வந்து சேர்ந்தபோது கடைக் கதவில் அரக்கு முத்திரை அப்படியேதான் இருந்தது. உள்ளே அடுப்பு ஒரு மாதமாகக் குளிர்ந்து கிடந்தது. உலைக்கு அரிசிகூடக் களையவில்லை. ஆனால் கதவுக்கு வெளியே, வேப்பமர நிழலில், கீழக்குயில்குடிக்காரர்களும் வண்டிக்காரர்களும் சூளைக்காரர்களுமாக இரண்டு நீண்ட வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் வாழையிலை விரித்து, தண்ணீர் தெளித்து, துடைத்து வைத்திருந்தது. பேயாண்டி இலையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஜலீலுக்கும் நடுவில் ஒரு இலை ஆளில்லாமல் கிடந்தது. அதிலும் தண்ணீர் தெளித்திருந்தது.

தங்கப்பொண்ணு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பூட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“வந்துட்டீங்களா? ஒக்காருங்கய்யா. செத்த நேரத்துல ஆயிரும்.”

வெள்ளைத்துரை சாவியை அவள் கையில் கொடுத்தார். இரண்டு வரிசையையும் ஒரு முறை பார்த்தார். பிறகு சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.